வாங்குமுன் விளையும் இடத்தைப் பார்ப்போம்: சேர்வராயன் மலைப் பயணம் தந்த பாடங்கள்



‘வாங்கும்போதே லாபம்’ என்பது நம் தொழிலில் பழைய வாக்கு. ஆனால் நம்மில் பலர் அன்றாடம் விற்கும் சரக்கு எங்கே விளைகிறது, எப்படிப் பக்குவமாகிறது என்று நேரில் கண்டதில்லை. மண்டியில் காட்டும் மாதிரியை உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பதோடு சரி.

அந்தக் குறை எங்களுக்கும் இருந்தது. எங்களில் ஒருவர் விலை குறைவென்று 50 கிலோ மிளகு வாங்கி வைத்தார். சில வாரங்களில் மூட்டையிலிருந்து பூஞ்சண வாடை வந்தது. கெட்டதைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மீதியை வெயிலில் காயவைத்து நிறுத்தால் 47 கிலோகூட இல்லை. மலிவாக வாங்கிய லாபம் எடைக் குறைவிலேயே போயிற்று. “விளையும் இடத்துக்கே போய்ப் பார்த்து வருவோம்” என்ற பேச்சு அன்று பிறந்தது.

தை மாதத்தில் நண்பர்கள் எட்டுப் பேர் கடைகளைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டுக் கரூரிலிருந்து வேனில் புறப்பட்டோம். ஜமுக்காளம், பாத்திரம், அரிசி, பருப்பு எல்லாம் வேனிலேயே ஏறின. நாமக்கல், ராசிபுரம், சேலம் வழியாக ஏற்காடு. மூன்று நாள் பயணம்.

ராசிபுரத்தில் ஜவ்வரிசி

ராசிபுரம் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் இறங்கினோம். மரவள்ளிக் கிழங்கைத் தோல் நீக்கி அரைத்து, பாலை வடிகட்டித் தொட்டியில் படியவிடுகிறார்கள். அந்த ஈரமாவைக் குலுக்கி உருண்டையாக்கி, சூடேற்றிக் காயவைத்தால் ஜவ்வரிசி. 1940களில் சேலம் வட்டாரத்தில் வேரூன்றிய தொழில் இது. உற்பத்தியாளர்களின் கூட்டுறவு அமைப்பான சேகோசர்வ் 1981-இல் ஏற்பட்டது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இங்கே ஒன்று கற்றோம். பால்போல் பளீரென்று வெளுத்திருப்பதே உயர்ந்த சரக்கு என்று நாமும் நம்பி, வாடிக்கையாளரையும் நம்பவைத்திருக்கிறோம். மிதமிஞ்சிய வெண்மை தரத்துக்கு அத்தாட்சி அல்ல. இயல்பான நிறம் சற்று மங்கலாகவே இருக்கும்.

சேலத்தில் மாலைச் சிற்றுண்டியாகத் தட்டுவடை செட் சாப்பிட்டோம். இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே சட்னியும் துருவிய காய்கறியும்தான் சரக்கு. தட்டுவடை நம் கடையிலும் பாட்டிலில் இருக்கிறது. ஆனால் இந்த ஊரார் அதை ஊரின் பெயர் சொல்லும் பண்டமாக்கி விட்டார்கள்!

மலைமேல் காபியும் மிளகும்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரையின் காலத்தில் இம்மலையில் காபிப் பயிர் தொடங்கியது. இங்கு விளைவது பெரும்பாலும் அராபிகா. நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறிக் கிடக்கிறது. ஒரே தோட்டம், இரண்டு வருமானம்.

ஏறத்தாழ ஆறு கிலோ பழம் பறித்தால் ஒரு கிலோ காபிக் கொட்டை கிடைக்கும். அதை வறுக்கும்போது 100 கிலோவுக்கு 15 முதல் 20 கிலோ வரை எடை குறையும். இந்தக் கணக்குத் தெரிந்தால், மிக மலிவான தூளில் காபியைவிட வேறென்ன இருக்கும் என்பது தானே விளங்கும்.

களத்தில் மிளகு உலர்த்திக்கொண்டிருந்த பெரியவரிடம் எங்கள் நஷ்டத்தைச் சொன்னோம். அவர் சிரித்துக்கொண்டே, “ஏனுங்க, மிளகை மூக்கால பாத்து வாங்கினீங்களா, விலையால பாத்து வாங்கினீங்களா?” என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. 100 கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஏறக்குறைய 33 கிலோதான் நிற்கும் என்றார் அவர். அரைகுறையாய்க் காய்ந்ததை விற்பவருக்கு எடை லாபம். வாங்கி வைப்பவருக்கு நஷ்டம். 15 சதவீத ஈரமுள்ள 50 கிலோ மிளகு, 11 சதவீதத்துக்குக் காய்ந்தாலே 2 கிலோவுக்கு மேல் குறையும். பூஞ்சணம் பிடித்துப் போவது அதற்கும் மேல்.

கடையில் செய்ய வேண்டியவை

1. மிளகை லிட்டர் வெயிட் பார்த்து வாங்குங்கள். ஒரு லிட்டர் அளவில் 500 கிராம், 550 கிராம் என்று ரகம் பிரிக்கிறார்கள். எடை கூடினால் மணி திரட்சி என்று பொருள். ஆனால் ஈரத்தாலும் எடை கூடும். ஆகவே காய்ச்சலையும் சேர்த்தே பாருங்கள்.

2. கொஞ்சம் மிளகைத் தண்ணீரில் போடுங்கள். நல்ல மிளகு அடியில் தங்கும். பப்பாளி விதையும் பொக்கு மணியும் மிதக்கும்.

3. காபித்தூளைக் குளிர்ந்த நீரின்மேல் தூவுங்கள். காபி மிதக்கும்; சிக்கரி நிறத்தைக் கோடாக இறக்கிக்கொண்டு அடியில் போகும். சிக்கரி கலப்பது குற்றமில்லை. ஆனால் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. விகிதத்தைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். இது சட்டம். கேட்கும் வாடிக்கையாளரிடம் வாயாலும் சொல்லுங்கள்.

4. மிளகு மூட்டையைத் தரையில் போடாதீர்கள். மரப்பலகைமேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள்.

பெரிய அங்காடிகளும், அலைபேசியில் ஆர்டர் வாங்கி வீட்டு வாசலில் கொடுப்பவர்களும் நம் கல்லாவைத் தொட்டுவிட்டார்கள். விலையில் அவர்களோடு மல்லுக்கு நின்றால் நம்மால் நெடுநாள் தாங்க முடியாது. ஆனால், “இது சேர்வராயன் மலை மிளகு, நாங்களே களத்தில் பார்த்து வாங்கினோம், மோந்து பாருங்கம்மா” என்று எதிரே நின்று சொல்ல நம்மால் முடியும். அந்தச் சொல் மெய்யாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம். பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னால் ஒருமுறை விற்கும். மறுமுறை ஆள் வராது.

திரும்பும் வழியில், ஆண்டுக்கு ஒருமுறை ஒரு விளைநிலம் என்று முடிவு செய்தோம். அடுத்தது மஞ்சள். வேனில் இன்னும் நான்கு பேருக்கு இடமிருக்கிறது. விருப்பமுள்ள உறுப்பினர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்.