பெரிய போட்டோ வேலைக்கு எந்தக் கம்ப்யூட்டர்?



தாம்பரம், முடிச்சூர், படப்பை, வண்டலூர் பக்கம் கல்யாண மண்டபங்கள் அதிகம். வீட்டிலிருந்தே ஆல்பம் தயாரிக்கலாம் என்று கம்ப்யூட்டருக்குக் கடன் கேட்கும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். நல்ல தொழில்தான். ஆனால் பொருத்தமில்லாத பெட்டியை வாங்கிவிட்டால் வேலை நகராது, தவணை மட்டும் மாதாமாதம் வந்து நிற்கும். அது எல்லோருடைய சேமிப்புப் பணம். அதனால் இந்த மாதம் இதைப் படிப்போம்.

படத்தின் எடை என்ன?

12க்கு 36 அங்குல ஆல்பம் தாளை எடுத்துக்கொள்வோம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால், 3,600ஐ 10,800ஆல் பெருக்க, சுமார் 3 கோடியே 89 லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 3 பைட் வீதம் ஏறக்குறைய 117 எம்.பி. பொண்ணு மாப்பிள்ளை, பூ, எழுத்து என்று தாள் அளவுக்குப் பத்து அடுக்கு வைத்தால் 1 ஜி.பி.யைத் தாண்டிவிடும்!

எதில் பணம் போட வேண்டும்?

1. ரேம்: இது சமையல் மேடை மாதிரி. மேடை சின்னதாக இருந்தால் பாத்திரத்தை இறக்கி இறக்கி வைக்க வேண்டும். போட்டோஷாப்புக்குக் குறைந்தது 8 ஜி.பி., நல்லது 16 ஜி.பி. என்கிறது அடோபி நிறுவனம். ஆல்பம் வேலைக்கு 16ல் தொடங்குங்கள். பிறகு கூட்டிக்கொள்ளக் காலி இடம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

2. எஸ்.எஸ்.டி.: பெரிய படம் சீக்கிரம் திறக்க இது வேண்டும். பழைய படங்களைச் சேர்த்து வைக்க, விலை குறைந்த ஹார்ட் டிஸ்க் போதும்.

3. மானிட்டர்: ஐ.பி.எஸ். வகை வாங்குங்கள். பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது. அரக்குப் புடவை ஆல்பத்தில் வேறு நிறமாக வந்தால் வாடிக்கையாளர் விடமாட்டார்.

4. யு.பி.எஸ்.: கரண்ட் போனால் செய்த வேலையைச் சேமித்துவிட்டு நிறுத்தலாம்.

விளையாட்டுக்கான விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு தொடக்கத்தில் அவசியமில்லை.

மென்பொருளுக்கும் கணக்குப் போடுங்கள். போட்டோஷாப்புக்குச் சந்தா கட்ட வேண்டும். கிம்ப் இலவசம், பழகுவதற்கு அதுவே போதும்.

பழையது வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. விண்டோஸ் 11 போடக்கூடிய பெட்டிதானா என்று பாருங்கள். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும்.

கடைக்குப் போகும்போது

தாம்பரத்தில் விசாரியுங்கள், ரிச்சி தெருவிலும் விசாரியுங்கள். மூன்று கடையில் எழுத்தில் விலைப்பட்டியல் வாங்குங்கள். உங்கள் பெரிய படம் ஒன்றைப் பென் டிரைவில் கொண்டுபோய்த் திறந்து காட்டச் சொல்லுங்கள். "இதுவே போதும்க்கா" என்ற பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். ஜி.எஸ்.டி. பில்லில் சீரியல் எண்ணும் வாரண்டியும் இருக்கட்டும். குறை வந்து கடைக்காரர் கவனிக்காவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடலாம்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை மறக்க முடியாது. பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். வாடிக்கையாளர் படங்களின் நகல் ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

• மாதம் எத்தனை ஆல்பம் உறுதியாக வரும்?
• அந்த வருமானத்தில் தவணை, கரண்ட் பில், சந்தா போக மீதி எவ்வளவு?
• மூன்று விலைப்பட்டியலும் தீர்மானத்தோடு இணைக்கப்பட்டதா?

இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு கடன் தீர்மானத்தில் கையெழுத்துப் போடுங்கள்.