அட்டை அடுக்கில் ஒரு பாதை



மதுரையில் முதியோர் வீடுகளுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகும் வண்டிகளுக்குப் பாதை வகுப்பதை முதுகலை ஆய்வாக எடுத்திருக்கிறீர்கள். எந்த ஜிஐஎஸ் (புவியியல் தகவல்) மென்பொருள், எந்த அல்காரிதம் என்று கேட்கிறீர்கள். அதற்கு வருகிறேன். முதலில் அட்லாண்டாவில் நடந்ததைக் கேளுங்கள்.

பத்தே வீடுகள் என்றாலும் போகக்கூடிய வரிசைகள் 36,28,800. இதில் மிகக் குறுகியதைத் தேடித் தலையைக் கொடுத்த கெட்டிக்காரர்கள் பலர். டான்ட்சிக், ஃபுல்கர்சன், ஜான்சன் மூவரும் 1954-லேயே அமெரிக்காவின் 49 நகரங்களுக்கு விடை கண்டு, அதைவிடக் குறுகிய வழி கிடையாது என்று நிரூபித்தும் விட்டார்கள்.

1980-களின் தொடக்கத்தில் அட்லாண்டாவின் ஜார்ஜியா டெக் பேராசிரியர்கள் பார்த்தோல்டிக்கும் பிளாட்ஸ்மேனுக்கும் வந்த சிக்கல் வேறு மாதிரி. வீடு தேடி வரும் ‘மீல்ஸ் ஆன் வீல்ஸ்’ சாப்பாட்டை எதிர்பார்த்திருந்தவர்கள் வயதானவர்கள், நோயாளிகள். ஒருவர் தேறிவிடுவார், ஒருவர் இறந்துபோவார், புதிதாக ஒருவர் சேர்வார். அலுவலகத்தில் கணினியும் கிடையாது.

ஒரு சதுரத்தின் எல்லா இடங்களையும் தொட்டுவிடும் ஒற்றைக் கோடு சாத்தியம் என்று இத்தாலியர் பியானோ 1890-இல் காட்டியிருந்தார். வெறும் கணித விந்தை என்று கிடந்ததைப் பேராசிரியர்கள் இருவரும் சமையற்கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஊர் வரைபடத்தில் கட்டம் போட்டு, வீடு இருக்கும் இடத்தைப் பார்த்து, அட்டவணையில் தேடினால், அந்தக் கோட்டில் வீடு எங்கே வருகிறது என்று ஓர் எண் கிடைக்கும். ஆளுக்கு இரண்டு அட்டை: ஒன்று பெயர் வரிசையில், மற்றது எண் வரிசையில். எண் வரிசைதான் வண்டி போகும் வரிசை. ஒருவர் நின்றுவிட்டால் இரண்டு அட்டைகளையும் உருவிவிட்டால் போதும். மற்றவர்களின் வரிசை குலையாது. நாலு வண்டியா, அடுக்கை நாலாகப் பிரித்தால் ஆயிற்று.

இந்தப் பாதை, மிகக் குறுகிய பாதையைவிடச் சராசரியாக 25 சதவீதம் நீளம். வாய்மொழித் தேர்வில் சொன்னால் தேர்வாளர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். நேற்றைய பட்டியலுக்கு இம்மி பிசகாமல் போட்ட பாதை இன்றைக்கு எதற்கு உதவும்?

இந்தக் கோட்டுக்கு ஆறு தெரியாது என்பது மெய்யான குறை. செல்லூர் வீட்டுக்கும் எதிர்க்கரையில் சிம்மக்கல் வீட்டுக்கும் அடுத்தடுத்த எண் விழலாம். வண்டி பாலம் தேடிச் சுற்றும். வைகையின் வடகரைக்கு ஓர் அடுக்கு, தென்கரைக்கு ஓர் அடுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒருவழித் தெருக்களுக்குத்தான் ஜிஐஎஸ் வேண்டும். ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவும் க்யூஜிஐஎஸ் மென்பொருளும் இலவசம், கைக்காசைச் செலவழிக்காதீர்கள்.

அல்காரிதத்துக்கு முன் ஒரு வேலை. சாப்பாடு அனுப்பும் இடத்தில் பதிவேடு இருக்குமே, அதில் மூன்று மாதத்தில் எத்தனை பெயர் சேர்ந்தது, எத்தனை நீங்கியது என்று எண்ணுங்கள். மாற்றம் சொற்பம் என்றால் பாதை கணக்கிடும் கூகுளின் ஓஆர்-டூல்ஸ் மென்பொருள் போதும், அதுவும் இலவசம்தான். தினம் நாலு பெயர் மாறுகிறது என்றால் அட்டையில் தொடங்குங்கள். எண்ணி முடித்ததும் எழுதுங்கள்.