முந்தின ராத்திரியே வேலை தொடங்குகிறது

அன்புள்ள கதிர்,

சஸ்காட்செவன் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாய். ஜனவரியில் அங்கே மைனஸ் 30 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். விடிந்ததும் டிராக்டர் கிளம்பாவிட்டால் மாடுகளுக்குத் தீவனம் போய்ச் சேராது.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்றைப் 16, 18 மடங்கு அமுக்கும்போது உண்டாகும் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுமே, அதே சங்கதி. குளிர்ந்து கிடக்கும் இரும்பு அந்தச் சூட்டைக் குடித்துவிடும். ஆயில் கெட்டிப்பட்டு இன்ஜின் மெதுவாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றினால் அமுக்கிய காற்றும் பிஸ்டன் ரிங் இடுக்கில் கசிந்துவிடும். பாட்டரியோ மைனஸ் 18-இலேயே ஏறக்குறைய பாதி பலத்தை இழந்திருக்கும். சாவியை எத்தனை தடவை திருப்பி என்ன? முதலில் இரும்பு சூடாக வேண்டும்.

அதற்குத்தான் பிளாக் ஹீட்டர். வட டகோட்டாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் இன்ஜினைச் சூடாக்கும் மின்சார ஹீட்டருக்கு 1949-இல் காப்புரிமை பெற்றார். அந்தக் குளிர்நாட்டு விவசாயிகளுக்கு அது எத்தனை பெரிய உதவி! ராத்திரி முழுக்க ஓட வேண்டியதில்லை. கிளப்புவதற்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்னால் ஓடத் தொடங்கும்படி டைமர் வை. ஆனால் படுக்கப் போகுமுன் ஒருதரம் செருகிப் பார். இன்ஜின் பக்கம் காதை வைத்தால், கூலண்ட் மெல்லச் சீறுவது கேட்கும். சத்தமே இல்லையென்றால் ஒயரைச் சோதி.

கோடை டீசலில் இருக்கும் மெழுகு குளிரில் திரண்டு ஃபில்டரை அடைத்துவிடும். உறைபனி தொடங்குமுன்பே குளிர்கால டீசலுக்கு மாறிவிடு, ஃபில்டரில் தேங்கிய தண்ணீரையும் வடித்துவிடு. கையேடு அனுமதித்தால் 15டபிள்யூ-40 ஆயிலுக்குப் பதில் குளிரில் அவ்வளவு கெட்டிப்படாத 0டபிள்யூ-40 ஊற்று.

கிளப்பும்போது கிளட்சை முழுக்க மிதி. கியர்பாக்ஸில் உறைந்து கிடக்கும் ஆயிலையும் சேர்த்துச் சுற்றும் பாரம் ஸ்டார்ட்டருக்கு மிச்சம். பத்து விநாடிக்கு மேல் சுற்றாதே. இரண்டு நிமிஷம் ஆறவிட்டு மறுபடி பார். கிளம்பியதும் உடனே விரட்டாதே, ஹைட்ராலிக் லீவரை மெதுவாக அசை.

இன்ஜினைக் கிளப்பும் அவசரத்தில் யாராவது ஈதர் ஸ்பிரே டப்பாவை நீட்டுவார்கள். குளோ பிளக்கோ காற்றைச் சூடாக்கும் ஹீட்டரோ உள்ள இன்ஜினில் அதை அடிக்கவே கூடாது. உள்ளே வெடித்து பிஸ்டன் உடையும், உன் கைக்கும் ஆபத்து. சார்ஜ் இறங்கி உறைந்துபோன பாட்டரிக்கு ஜம்பர் கேபிள் மாட்டுவதும் அப்படியே. பாட்டரியைக் கழற்றி, உறைவு நீங்கும்வரை கதகதப்பான இடத்தில் வை.

பனி அள்ளும் சின்ன பெட்ரோல் இன்ஜினுக்கு சோக்கை மூடிக் கிளப்பி, சூடேறச் சூடேறத் திற. மாசக்கணக்கில் தேங்கிய பெட்ரோல் என்றால் வடித்துவிட்டுப் புதிது ஊற்று. குளிருக்குப் பயந்து ஷெட்டுக்குள் மட்டும் ஓடவிடாதே. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, கதவைத் திறந்துவைத்தாலும் தேங்கும். வெளியே தள்ளிக்கொண்டு வந்தபிறகே கயிற்றை இழு.

அன்புடன்,
மாமா