அனட்டேஸ் ரூட்டைலாகும் வேளை

பாலக்காட்டுக் கணவாயின் காற்றுக்கும் ஆய்வுக்கூடத்தில் நாம் ஆக்கும் டைட்டானியம் டையாக்சைடு என்னும் வெண்ணிறத் தூளுக்கும் என்ன சம்பந்தம் என்று வினவும் மாணவரிடம், டைட்டானியம் ஐசோபுரோபாக்சைடு அடங்கிய குப்பியை ஆடி மழையில் ஒரு முறையும், கிழக்குக் காற்று வறண்டு வீசும் மார்கழியில் ஒரு முறையும் திறந்து பார்க்கும்படி சொல்வது என் வழக்கம். நீராவி பட்ட மாத்திரத்தில் சிதையும் இயல்புடைய அத்திரவம், மழை நாட்களிலும் மூணாறின் மூடுபனியிலும், குப்பியின் கழுத்திலேயே வெண்பொருக்காகப் படிந்துவிடும். ஆதலால் அதனை நீரற்ற எத்தனாலில் கரைத்து, சிதைவின் வேகத்தைத் தணிக்கச் சிறிது அசிட்டிக் அமிலமும் சேர்த்து, அதன் பின்னரே நீரைத் துளித்துளியாக விடுதல் உத்தமம்.

நம் கேரளத்திலேயே, கருமணலின் இல்மனைட்டிலிருந்து, கொச்சுவேளி ஆலை கந்தக அமில மார்க்கமாக அனட்டேஸையும், சவறா ஆலை குளோரின் மார்க்கமாக ரூட்டைலையும் ஆக்குகின்றன. இரண்டும் டைட்டானியம் டையாக்சைடே; பதார்த்தம் ஒன்றே, ஸ்படிக அமைப்பு வேறு. அனட்டேஸைச் சூடேற்றினால் ரூட்டைலாக மாறும். சிர்க்கோனியாவோ சுமார் 1170 பாகை செல்ஷியஸில் உருமாறி, குளிருகையில் பழைய வடிவத்துக்கே மீண்டு, மீளும்போது பருத்து வில்லையைப் பிளந்துவிடும். அனட்டேஸ் ரூட்டைலானால் குளிர்ந்தாலும் மீளாது. ஆகையால் உலையில் ஏற்றிய வேகம், நிறுத்திய நேரம் ஆகிய யாவற்றையும் குறிப்பேட்டில் எழுதி வைத்தல் இன்றியமையாதது. தெர்மோகப்பிளின் முனையும் மூசையை ஒட்டியே இருக்கவேண்டும்.

இம்மாற்றத்துக்கு நிலையான உஷ்ணம் கிடையாது. தூய தூளில் 600 பாகையை ஒட்டித் தொடங்கக்கூடிய அது, இரும்பின் அம்சம் கலந்தால் முந்திக்கொள்ளும். சல்பேட், பாஸ்பேட், சிலிக்கா தங்கினால் பிந்தும். எனவே கழுவுதலையே நான் எல்லாவற்றிலும் பிரதானமாகக் கருதுகிறேன். குளோரைடு மூலத்திலிருந்து ஆக்கியிருப்பின், கழுவிய நீரில் வெள்ளி நைட்ரேட்டை விட்டுப் பார்த்து, வெண்கலங்கல் தோன்றாமற் போகும் வரையிலும், சல்பேட்டாயின் பேரியம் குளோரைடால் அவ்வாறே சோதித்தும், பொறுமையுடன் கழுவவேண்டும். கடைசியாக எத்தனாலில் கழுவினால், உலருகையில் துகள்கள் கல்லாக இறுகுவது குறையும். இரும்புக் கரண்டி தூளில் படவே கூடாது.

எக்ஸ்-கதிர்ப் படத்தில், தாமிரக் கதிருக்கு, அனட்டேஸின் சிகரம் 25.3 பாகையிலும் ரூட்டைலின் சிகரம் 27.4 பாகையிலும் எழும். அவற்றின் உயரங்களை நேரே ஒப்பிட்டுப் பங்கைக் கணக்கிடலாகாது. ஸ்பர், மையர்ஸ் இருவரும் 1957-இல் தந்த சூத்திரத்தைப் பயன்படுத்த வேண்டும். அன்றியும், புரூக்கைட் என்னும் மூன்றாம் வடிவத்தின் பிரதான சிகரம் அனட்டேஸின் சிகரத்திலேயே மறைந்து நிற்குமாதலால், 30.8 பாகையில் அதன் தனிச் சிகரம் உண்டா என்று பாராமல், எந்த மாணவரையும் விகிதத்தை எழுத நான் அனுமதிப்பதில்லை.