சொந்த மனை வாங்கப் போறீங்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு பாடம்



இந்த மாதக் குழுக் கூட்டத்தில் வாசித்துப் பேச வேண்டிய பாடம், வீடு. சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு, ஆடு மாடு, தையல் மெஷின் எல்லாம் தாண்டி இப்போது நம் உறுப்பினர்கள் பலர் "ஒரு அரை கிரவுண்டாவது நம்ம பேர்ல இருக்கணும்" என்று பேசத் தொடங்கியிருக்கிறோம். நல்ல விஷயம். ஆனால் ஒரு ஆட்டை வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிற நாம், லட்சக்கணக்கில் மனை வாங்கும்போது புரோக்கர் காட்டிய வரைபடத்தைப் பார்த்ததோடு சரி என்று இருந்துவிடுகிறோம். அதற்காகத்தான் இந்தப் பாடம்.

நம் மறைமலைநகரே மனை போட்டு உருவான ஊர்தான். சென்னையின் நெரிசலைக் குறைக்க, 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் சி.எம்.டி.ஏ. திட்டமிட்டுத் தெரு பிரித்து, தொழிற்சாலைக்கு ஒரு பக்கம், குடியிருப்புக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்கி, மறைமலை அடிகள் பெயரை வைத்தது. அப்படி அரசே பிரித்துக் கொடுத்த மனைகளில் வில்லங்கம் குறைவு. தொழிற்சாலைகள் வந்தன, மகேந்திரா சிட்டி வந்தது, 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனது, 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தது. ஒவ்வொன்றுக்கும் மனை விலை ஏறியது. இப்போது நம்மால் வாங்க முடிகிற விலையில் இருப்பதெல்லாம் ரோட்டை விட்டு உள்ளே தள்ளிய கிராமங்களில், நேற்று வரை நெல் விளைந்த வயலில் கல் நட்டுப் போட்ட மனைகள்தான். அங்கேதான் கவனம் வேணும்.

இடத்தை எப்போது பார்ப்பது?

மனை விற்பவர்கள் வேன் வைத்து, சாப்பாடு போட்டு, சித்திரை வெயிலில் கூட்டிப் போய்க் காட்டுவார்கள். தரை காய்ந்து பளிச்சென்று இருக்கும். நீங்க ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு தடவை தனியாகப் போய்ப் பாருங்க. நம்முடையது ஏரி மாவட்டம். ஒரு ஏரி நிரம்பினால் அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகிற மாதிரி நம் முன்னோர் அமைத்து வைத்தார்கள். அந்தக் கால்வாய் மீது வீடு கட்டினால் தண்ணீர் வழி கேட்டுக்கொண்டு வரும். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மாடி வரை தண்ணீர் நின்றதை நாம் எல்லோரும் பார்த்தோம். பக்கத்து வயலில் மாடு மேய்க்கும் பெரியம்மாவிடம் "இங்க மழைக்குத் தண்ணி நிக்குமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்க. புரோக்கரைவிட அவங்களுக்குத் தெரியும். மாமல்லபுரம், கோவளம் பக்கம் என்றால் இன்னொன்றும் உண்டு. கடலோரத்தில் கட்டடம் கட்டக் கட்டுப்பாடு இருக்கிறது. தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னங்களிலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டவே முடியாது. அதற்கு மேல் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்டணும். மனையைப் பதிவு செய்து கொடுத்துவிடுவார்கள், வீடு கட்டத்தான் முடியாது.

அளவிலும் ஏமாறக்கூடாது. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ஒரு சென்ட் சுமார் 436 சதுர அடி. ஆக ஐந்தரை சென்ட் ஏறக்குறைய ஒரு கிரவுண்டு. "ரெண்டு சென்ட்" என்று சொல்லிவிட்டு 800 சதுர அடி காட்டினால் 72 அடி எங்கே என்று கேளுங்க.

காகிதங்கள்

விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது ஜெராக்ஸ் இல்லை, அசல் பத்திரம். "அது பேங்க்ல இருக்கு" என்றால் அந்த நிலம் அடமானத்தில் இருக்கிறது என்று அர்த்தம். கடன் தீர்ந்து, ரசீது ஆவணம் பதிவாகி, அசல் கைக்கு வந்த பிறகு பேசலாம். "தொலைஞ்சு போச்சு" என்றால் இன்னும் நிதானமாக இருங்க.

அடுத்து வில்லங்கச் சான்று. பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணமில்லாமலே பார்க்கலாம். குழந்தைகள் போனிலேயே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். 30 வருடத்துக்குப் பாருங்க. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று சங்கிலி மாதிரி போகணும். நடுவில் ஒரு கண்ணி அறுந்திருந்தால் அங்கே கதை இருக்கிறது. ஒன்றை மறக்காதீங்க. பதிவு ஆனதுதான் வில்லங்கச் சான்றில் தெரியும். பதிவு செய்யாத உயில், வாயால் பேசிய பாகம், கோர்ட்டில் நடக்கும் வழக்கு எல்லாம் அதில் தெரிய வேண்டும் என்பதில்லை. 'வில்லங்கம் இல்லை' என்று வந்தாலும் வக்கீல் ஒருவரிடம் காட்டி எழுத்தில் கருத்து வாங்கிக்கொள்வது நல்லது. அதற்குச் செலவாகிற சில ஆயிரத்தை வீண் என்று நினைக்கக் கூடாது.

பட்டா, சிட்டா, புல வரைபடம், 'அ' பதிவேடு இவை வருவாய்த்துறைக் காகிதங்கள். பத்திரத்தில் உள்ள சர்வே எண்ணும் பட்டாவில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா, விற்பவர் பெயரில் பட்டா இருக்கிறதா என்று பார்க்கணும். 'அ' பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே ஏரி, ஓடை, வாய்க்கால், மேய்க்கால், கோயில் என்று ஏதாவது போட்டிருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பஞ்சமி நிலம்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லணும். ஏன்னா இது நம் மாவட்டத்தில் பிறந்த விஷயம். வெள்ளைக்காரர் காலத்தில் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் என்பவர், தாழ்த்தப்பட்ட மக்கள் சொந்த நிலம் இல்லாமல் பண்ணையடிமையாக எப்படி வாழ்கிறார்கள் என்று 1891இல் அரசுக்கு அறிக்கை எழுதினார். குடியிருக்கும் குடிசைக்கு அடியில் உள்ள மண்கூட அவர்களுக்குச் சொந்தமில்லை என்பதுதான் நிலைமை. அதன் பிறகு 1892இல் அரசாணை வந்து, அவர்களுக்கு நிபந்தனையோடு நிலம் கொடுக்கப்பட்டது. பத்து வருடம் யாருக்கும் விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. ஆனாலும் கடனுக்கும் மிரட்டலுக்கும் ஏகப்பட்ட நிலம் கை மாறிப் போனது. மாமல்லபுரத்துக்குப் பக்கம் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டு நடந்த போராட்டத்தில், 1994 அக்டோபரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது. இங்கே பலருக்கு அது இன்னும் ஆறாத புண்.

நிபந்தனையை மீறி வாங்கிய கிரயம் செல்லாது. எத்தனை கை மாறி வந்திருந்தாலும், நீங்க எவ்வளவு பணம் கொடுத்திருந்தாலும் அரசு அதை மீட்டு உரியவர்களுக்குக் கொடுக்கலாம். 'அ' பதிவேட்டில் 'நிபந்தனைப் பட்டா' அல்லது 'டி.சி.' என்ற குறிப்பு இருக்கிறதா என்று தாலுகா ஆபீசில் பழைய பதிவேட்டோடு சேர்த்துக் கேட்டுப் பாருங்க. இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்த நிலம் யாருக்காகக் கொடுக்கப்பட்டதோ அந்தக் குடும்பத்துப் பெண்கள் நம் குழுக்களிலேயே இருக்கிறார்கள். தாத்தா காலத்துக் காகிதம் பெட்டியில் கிடந்தால் கூட்டமைப்புக்கு எடுத்து வாங்க, சேர்ந்து விசாரிப்போம்.

மகள்கள் கையெழுத்து போட்டார்களா?

அண்ணன் தம்பி நாலு பேர் வந்து விற்கிறார்கள். "அக்கா தங்கச்சிங்களுக்கு நகை போட்டுக் கட்டிக் குடுத்துட்டோம்" என்கிறார்கள். இங்கேதான் பல கிரயங்கள் பிறகு கோர்ட்டுக்குப் போகின்றன. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989இலேயே சட்டம் வந்தது. அப்போது ஏற்கெனவே கல்யாணம் ஆனவர்கள் விடுபட்டார்கள். 2005இல் மத்திய சட்டம் அந்தத் தடையையும் எடுத்தது. அப்பா 2005க்கு முன் இறந்திருந்தாலும் மகளின் உரிமை பிறப்பால் வந்ததுதான் என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்பா சுயமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் இறந்திருந்தாலும் மகள் வாரிசுதான். அதனால் வாரிசுச் சான்றை வாங்கி எண்ணிப் பாருங்க. அதில் எட்டுப் பேர் என்றால் பத்திரத்திலும் எட்டுப் பேர் கையெழுத்து இருக்கணும், இல்லையென்றால் பதிவான விடுதலைப் பத்திரம் இருக்கணும்.

இதைச் சொல்லும்போது நமக்கே ஒரு கேள்வி வரும். நம்மை நம் அண்ணன் தம்பி "ஒரு கையெழுத்துதானே" என்று கூப்பிட்டபோது என்ன காகிதம் என்று படித்துப் பார்த்தோமா?

அங்கீகாரம், பவர், ரொக்கம்

அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. பிறகு 2017இல் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20க்கு முன் விற்கப்பட்ட மனைகளுக்குத்தான் அந்தத் திட்டம் என்று வைத்தார்கள். ஆகவே "பின்னாடி அப்ரூவல் வாங்கிக்கலாம்" என்ற பேச்சை நம்பாதீங்க. நகர் ஊரமைப்பு அல்லது சி.எம்.டி.ஏ. எண் என்ன, அந்த எண்ணில் உள்ள வரைபடத்தில் உங்கள் மனை எண் இருக்கிறதா என்று பாருங்க. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவு என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், அதாவது ரெராவில், பதிவு எண்ணும் இருக்கணும்.

பவர் பத்திரம் மட்டும் எழுதிக் கொடுத்து "இது போதும்" என்பவர்கள் உண்டு. பவரோ, விற்பனை ஒப்பந்தமோ உங்களைச் சொந்தக்காரராக ஆக்காது. பதிவான கிரயப் பத்திரம்தான் ஆக்கும். உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாகச் சொன்னது இது. பணத்தை வங்கி வழியாகவே கொடுங்க. நில விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2015இலிருந்தே வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது.

பதிவுச் செலவு

முத்திரைத் தீர்வை 7 சதம். பதிவுக் கட்டணம் 4 சதமாக இருந்தது. 2023இல் 2 சதம் ஆனது. 10 லட்சத்துக்கு மேற்படாத சொத்தைப் பெண் பெயரில் பதிவு செய்தால் அதிலும் 1 சதம் குறைப்பு என்று 2025 ஏப்ரல் முதல் அரசு சலுகை கொடுத்தது. 8 லட்ச ரூபாய் மனை என்றால் தீர்வை 56,000, கட்டணம் 16,000. பெண் பெயரில் என்றால் கட்டணம் 8,000. மிச்சமாகிற எட்டாயிரத்தில் கம்பி வேலி போடலாம். கணவர் பெயரையும் சேர்த்து எழுதினால் சலுகை உண்டா என்று பதிவு அலுவலகத்தில் முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்க.

கடன் எவ்வளவு தாங்கும்?

நம் குழுவில் உள்கடனுக்கு மாதம் நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி என்றால் வருடத்துக்கு 24 சதம். வங்கி வீட்டுக் கடன் வருடம் 9 சதம் என்று வைத்துக்கொண்டால் மாதம் நூற்றுக்கு முக்கால் ரூபாய்தான். அதனால் குழுக் கடனை எடுத்து மனைக்கு அட்வான்ஸ் போடாதீங்க. நமக்கு வட்டியும் அதிகம், தவணை காலமும் குறைவு. நீங்க கட்டத் தவறினால் மற்ற உறுப்பினர்கள் தலையில் விழும்.

10 லட்சம் கடன், 9 சதம், 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 9,000. முதல் மாதத்தில் அதில் 7,500 வட்டிக்கே போய்விடும். மொத்தம் கட்டுவது 21 லட்சத்து 59 ஆயிரம். அதையே 15 வருடத்தில் கட்டினால் மாதம் சுமார் 10,140; மொத்தம் 18 லட்சத்து 26 ஆயிரம். மாதம் 1,140 ரூபாய் கூடக் கட்டினால் மூன்றே கால் லட்சத்துக்கு மேல் மிச்சம். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கி அபராதம் போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012இலேயே சொல்லிவிட்டது. ஆக, சீட்டுப் பணம் வந்தால் அசலில் கட்டுங்க. கடன் முடிந்த 30 நாளுக்குள் அசல் பத்திரத்தைத் திருப்பித் தரணும். வங்கியால் தாமதமானால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் தரணும் என்பது 2023 டிசம்பர் முதல் உள்ள விதி.

ஓவர்டைம் சம்பளத்தையும், கான்ட்ராக்ட் வேலைச் சம்பளத்தையும் நம்பித் தவணை போடுவதை நாங்கள் சரி என்று சொல்ல மாட்டோம். நம் ஊர் போர்டு தொழிற்சாலையில் 2022இல் கார் உற்பத்தி நின்றது. அதைச் சுற்றி இருந்த கம்பெனிகள், கேன்டீன், வேன், வாடகை வீடு எல்லாவற்றுக்கும் அது அடி. நிரந்தர வேலை என்று நினைத்ததற்கே அப்படி. வீட்டில் ஒருவர் சம்பளம் ஆறு மாதம் நின்றாலும் தவணை கட்ட முடியுமா என்று கணக்குப் போட்ட பிறகு வங்கிக்குப் போங்க.

மனை ஏற்கெனவே இருக்கிறவர்களுக்கு, கடனுக்கு முன் அரசுத் திட்டத்தைப் பாருங்க. பிரதமர் வீடு கட்டும் திட்டம் கிராமத்துக்கு உண்டு. தமிழக அரசு 2024-25இல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லத்தில் குடிசைக்குப் பதில் 360 சதுர அடி வீட்டுக்கு 3 லட்சத்து 50 ஆயிரம் என்று வைத்தார்கள். எந்தத் திட்டமானாலும் முதலில் கேட்பது பட்டா. அதனால்தான் பதிவு முடிந்த கையோடு பட்டா மாற்றம். முழு சர்வே எண்ணையும் வாங்கினால் சீக்கிரம் மாறும். ஒரு பகுதியை மட்டும் வாங்கினால் சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு செய்யணும். இதை "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டு, பத்து வருடம் கழித்து மகள் கல்யாணத்துக்கு அடமானம் வைக்கப் போகும்போது பட்டா பழைய ஆள் பெயரிலேயே இருப்பதைக் கண்டு அலைகிறவர்கள் நிறைய.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, இப்போது குடியிருக்கும் வீட்டின் பட்டா நகலையும் வீட்டு வரி ரசீதையும் ஒவ்வொருவரும் கொண்டு வாங்க. யார் பெயரில் இருக்கிறது, சர்வே எண் சரியாக இருக்கிறதா என்று சேர்ந்து பார்ப்போம். படிக்கத் தெரியாத உறுப்பினருக்குப் பக்கத்தில் இருப்பவர் வாசித்துக் காட்டணும். காகிதமே இல்லாதவர்கள் பட்டியலை ஊக்குநர் தனியாக எழுதி, கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுக்கவும்.