பழுது பார்க்கக் கொண்டுபோன பொருள் திரும்பி வராவிட்டால்?

கேள்வி: பல வருடம் ரொறன்ரோவில் இருந்துவிட்டு இப்போது குடும்பமாக ஊருக்குத் திரும்பியிருக்கிறோம். கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் வீடு. கணவர் கனடாக் குடியுரிமையுடன் விசாவில் இருக்கிறார். நாங்கள் வருவதற்கு முன்பே கணவரின் தம்பி மட்டக்களப்பு நகரக் கடையொன்றில் எங்கள் காசில் ஒரு பிறிஜ் வாங்கி வைத்தார். பில் அவர் பெயரில். இரண்டு வருட உத்தரவாதம். ஒரு வருடம் முடிய முதலே குளிர் நின்றுவிட்டது. கடைக்காரர் அனுப்பிய ஆள் காஸ் அடித்துவிட்டுப் போனார். சில கிழமையில் திரும்பவும் நின்றது. மறுபடியும் காஸ், மறுபடியும் அதே கதை. கடைசியாக அவர் வந்து போனது போன மாதம். இப்போது, "உப்புக் காற்றில் குழாய் அரித்துவிட்டது, அதற்கு உத்தரவாதம் இல்லை, வேண்டுமென்றால் கொழும்புக் கொம்பனியோடு பேசுங்கள்" என்கிறார்கள்.

அது போதாதென்று, கனடாவிலிருந்து கொண்டுவந்த வோஷிங் மெசினும் நின்றுவிட்டது. பார்க்க வந்த பாஸ் அதன் சேர்க்கிட் போர்டைக் கழற்றிக்கொண்டு போனார். முற்பணம் 15,000 ரூபாய் கொடுத்தோம். துண்டு ஒன்றும் தரவில்லை. "நாளைக்கு" என்று வட்ஸ்அப்பில் பதில் போட்டுக்கொண்டிருந்தவர் இப்போது போனையே எடுப்பதில்லை. வெளிநாட்டுக்காரர் என்பதால்தான் எங்களை இப்படி அலைக்கழிக்கிறார்களா? பொலிசுக்குப் போகலாமா? அவருடைய படத்தைப் பேஸ்புக்கில் போட்டால் என்ன?

- வாசகி, கல்லடி

பதில்: முதலில் கணவரின் விசாவை ஒரு பக்கம் வைத்துவிடுங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் யாருடைய குடியுரிமையையும் கேட்பதில்லை. விலை கொடுத்துப் பெறும் பொருளையோ சேவையையோ பயன்படுத்துகிறவர் அந்தச் சட்டத்துக்கு நுகர்வோர்தான். ஆகவே பில்லில் தம்பியின் பெயர் இருப்பதும் பெரிய தடையல்ல. ஆனாலும் விற்பனை ஒப்பந்தம் என்பது விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையிலானது. முறைப்பாட்டில் தம்பியும் ஒரு கையெழுத்து வைத்தால் கடைக்காரருக்கு ஒரு சாட்டுக் குறையும்.

உங்கள் கோபம் ஒன்று, எதிர்த்தரப்பு இரண்டு. கடைக்காரரையும் பாஸையும் ஒரே கடிதத்தில் போட்டுக் குழப்ப வேண்டாம். பாதைகள் வேறு வேறு.

பிறிஜில் தொடங்குவோம். கடைக்காரர் சொல்லும் உப்புக் காற்றுக் கதையில் உண்மை இல்லாமல் இல்லை. கல்லடி, நாவலடிப் பக்கம் ஜன்னல் கம்பியைக்கூடத் துரு விட்டுவைப்பதில்லை. ஆனால் மட்டக்களப்பு நகரத்தில் கடை வைத்திருப்பவருக்கு அது புதினமா? 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஒரு பொருள் எதற்குத் தேவை என்பதை வாங்குபவர் தெரியப்படுத்தி, அந்த வியாபாரத்தைச் செய்யும் விற்பனையாளரின் அறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்கு ஏற்றதாக இருக்கவேண்டும் என்பது எழுதாமலே ஒப்பந்தத்துக்குள் சேர்ந்துகொள்ளும் நிபந்தனை. கடையின் லொறியே பிறிஜைக் கல்லடி வீட்டில் கொண்டுவந்து இறக்கியதா? அப்படியென்றால் அந்த விநியோகத் துண்டைத் தேடி எடுங்கள். எங்கே பாவிக்கப்போகிறார்கள் என்பது கடைக்குத் தெரிந்துதான் இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

அடுத்து உத்தரவாத அட்டையை எழுத்துக்கு எழுத்து வாசியுங்கள். கடலோரப் பாவனைக்கு உத்தரவாதம் இல்லை என்று அதில் இருக்கிறதா? இல்லாவிட்டால், விற்ற பிறகு வாயால் சொல்லும் விலக்கு செல்லாது. பொடி எழுத்தில் இருந்தாலும் கதை முடிந்துவிடாது. விற்பவர் தன் பொறுப்பைத் தட்டிக்கழிக்கப் போடும் நிபந்தனைகளுக்கு 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் வரம்பு போட்டிருக்கிறது. கொழும்புக் கொம்பனி தரும் உத்தரவாதம் மேலதிகமான ஒன்று. அதைக் காட்டி, காசு வாங்கிய கடை கை கழுவ முடியாது.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பலமாகப் படுவது கடைக்காரரே கண்டுகொள்ளாத ஒரு விடயம். பிறிஜுக்குள் இருக்கும் காஸ், மோட்டார் சைக்கிளின் பெற்றோல் போல ஓடி ஓடித் தீருவதல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்தால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது. ஒழுக்கைத் தேடி அடைக்காமல் திரும்பத் திரும்பக் காஸ் அடிப்பது பழுது பார்ப்பது ஆகாது. வியாபாரமாகச் செய்யும் எந்தச் சேவையும் உரிய கவனத்துடனும் திறமையுடனும் செய்யப்படும் என்ற உத்தரவாதம் ஒப்பந்தத்தில் உட்கிடையாக இருப்பதாக 2003 சட்டத்தின் 32 ஆம் பிரிவு சொல்கிறது. குழாய் அரித்திருக்கிறது என்று இன்று சொல்கிறவர், முதல் தடவை காஸ் அடித்தபோது ஏன் அதைப் பார்க்கவில்லை? முறைப்பாட்டின் நடு வரியாக இந்தக் கேள்வியை வையுங்கள்.

முறைப்பாடு எழுத்தில் இருக்கவேண்டும். பொருள் விற்கப்பட்டு அல்லது சேவை வழங்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும் என்பது 13 ஆம் பிரிவு. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் வழுக்குவது பெரும்பாலும் இங்கேதான். "கோடை விடுமுறைக்குக் கனடா போய்விட்டு வந்து பார்க்கலாம்" என்று இருந்துவிடுவார்கள். நீங்கள் பிறிஜ் வாங்கிய திகதியிலேயே தொங்கிக்கொண்டிருக்காமல், கடையின் ஆள் கடைசியாக வந்து காஸ் அடித்த திகதியையும், உத்தரவாதத்தை மறுத்த திகதியையும் பிடித்துக்கொள்ளுங்கள். விசாரித்த பின் பணத்தைத் திருப்பிக் கொடுக்க, பொருளை மாற்றிக் கொடுக்க, அல்லது நட்டஈடு செலுத்த அதிகாரசபை கட்டளையிடலாம். கட்டளையை மீறினால் விடயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். மாவட்டச் செயலகத்தில், நம்மவர் பேச்சில் கச்சேரியில், அதிகாரசபையின் அலுவலகத்தில் கொடுக்கலாம். வழி கேட்க 1977 என்ற இலக்கம் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதித் தரச்சொல்லி யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். வடக்கிலும் கிழக்கிலும் நிருவாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரையே சொல்கிறது.

இனி வோஷிங் மெசின். இதில் உங்கள் பக்கம் அவ்வளவு பலமாக இல்லை. கனடாவில் வீட்டு மெசின்கள் 120 வோல்ட், 60 ஹேட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹேட்ஸ். டிரான்ஸ்போர்மர் வோல்ட்டைக் குறைக்கும், ஹேட்ஸை மாற்றாது. அதனால் சில மெசின்களின் மோட்டர் சூடாகும். இதை பாஸிடம் சொன்னீர்களா? சொல்லியும் "நான் செய்து தருகிறேன்" என்று பொறுப்பெடுத்திருந்தால் அவர் வாக்குக்கு அவர்தான் பதில் சொல்லவேண்டும். சொல்லாமல் மறைத்திருந்தால், மெசின் ஓடவில்லை என்பதற்காக அவரிடம் நட்டஈடு கேட்பது கடினம். வட அமெரிக்க மெசினுக்கு உதிரிப்பாகம் மட்டக்களப்பில் தேடிக் கிடைப்பதும் இலேசல்ல என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மெசின் ஓடுவது வேறு, கழற்றிய போர்ட் திரும்பி வருவது வேறு. செய்த வேலைக்குக் கூலி கிடைக்கும்வரை பொருளைப் பிடித்துவைக்கும் உரிமை பழுது பார்ப்பவருக்கு உண்டு. நம் பொதுச் சட்டமான உரோம-டச்சுச் சட்டம் அதை ஏற்கிறது. வேலையே செய்யாதவருக்கு அந்த உரிமை எங்கே இருந்து வரும்? போர்டையும் முற்பணத்தையும் திருப்பித் தரும்படி 14 நாள் தவணை வைத்துப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். அதையே படம் எடுத்து வட்ஸ்அப்பிலும் போடுங்கள். துண்டு தரவில்லை என்று கவலைப்பட வேண்டாம். அந்த "நாளைக்கு, நாளைக்கு" பதில்கள்தான் உங்கள் துண்டு. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் அவற்றைச் சான்றாக ஏற்கிறது. ஸ்கிரீன்ஷொட் எடுத்ததோடு நில்லாமல், செய்திகளை அழிக்காமல் அந்தப் போனையும் பத்திரமாக வையுங்கள்.

கடிதத்துக்கும் அசையாவிட்டால் மத்தியஸ்த சபை. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, இந்த அளவுத் தொகைக்கான பிணக்கை நேரே நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியாது. சபையின் இணக்கமின்மைச் சான்றிதழ் வேண்டும். சபையில் சட்டத்தரணிகள் தோன்ற முடியாது. என் தொழிலுக்கு நட்டம், உங்களுக்கு இலாபம். ஊரில் மதிப்புள்ள மூன்று பேர் முன்னால் இருந்து பேசும்போது, போனை எடுக்காதவர்களுக்கும் வாய் திறக்கும். சபை தண்டனை தராது, இணக்கம்தான் தேடும். இருந்தாலும் 15,000 ரூபாய்க்கு மாவட்ட நீதிமன்றம் ஏறுவதைவிட இது எவ்வளவோ மேல். பாஸ் இருக்கும் பகுதியின் பிரதேச செயலகத்தில் கேட்டால் சபைத் தலைவரின் விபரம் தருவார்கள். எழுத்தில்லாத ஒப்பந்தத்துக்கு வழக்கு வைக்கக் காலவரையறைச் சட்டம் மூன்று வருடம் தருவதால் இங்கே அந்தரம் இல்லை.

பொலிசுக்கு இப்போதே ஓட வேண்டாம். பிந்தி வருகிற பாஸ் குற்றவாளி அல்ல. போர்டை வேறு யாருக்கோ விற்றுவிட்டார் என்று தெரியவந்தால் விடயம் மாறும். நம்பி ஒப்படைத்த பொருளை நேர்மையற்றுக் கையாளுவது நம்பிக்கை மோசடி. தண்டனைச் சட்டக்கோவையின் 389 ஆம் பிரிவில் தண்டனை இருக்கிறது. அப்போது கடிதத்தின் பிரதியோடும் தபால் பற்றுச்சீட்டோடும் போங்கள்.

பேஸ்புக்? வேண்டாம். அவதூறைக் குற்றமாக்கிய பிரிவுகள் 2002 இல் நீக்கப்பட்டுவிட்டன; ஆனால் மானநட்ட வழக்கு இன்னும் இருக்கிறது. 2024 இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் பொய்யான கூற்றுகளைக் குற்றமாக்கியிருக்கிறது. "கள்ளன்" என்று நீங்கள் எழுதும் ஒரு சொல்லை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது அவர் கையில் ஏன் ஒரு வழக்கைக் கொடுக்கிறீர்கள்?

வெளிநாட்டுக்காரர் என்பதாலா என்று கேட்டிருந்தீர்கள். விலை சொல்வதில் ஒருவேளை இருக்கலாம். பழுது பார்க்கும் கூலிக்கு அரசாங்க விலை கிடையாது, வேலை தொடங்க முதல் மதிப்பீட்டை எழுதி வாங்குவதுதான் ஒரே காப்பு. அலைக்கழிப்பதில் அந்தப் பாகுபாடு இல்லை. கை வேலை தெரிந்த இளைஞர்கள் கட்டார், துபாய் என்று போய்விட, மிஞ்சிய பாஸ்மார் தலைக்கு மேல் வேலையை ஒப்புக்கொண்டு எல்லோரையும் காக்க வைக்கிறார்கள். படுவான்கரையில் பிறந்து வளர்ந்து, ஒருநாளும் ஊரைவிட்டுப் போகாதவர்களும் இதே முறைப்பாட்டோடு என்னிடம் வருகிறார்கள்.

ஆகவே அவசரம் பிறிஜுக்குத்தான். கடைசியாகக் காஸ் அடித்துப் போன மாதத்திலிருந்து எண்ணுங்கள். பில், உத்தரவாத அட்டை, விநியோகத் துண்டு மூன்றின் பிரதிகளோடு முறைப்பாட்டை இந்தக் கிழமையே கச்சேரியில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கிடையில் வேறு ஆளைப் பிடித்து அந்தப் பிறிஜைத் திறக்க விடாதீர்கள். அப்படித் திறந்தால், உத்தரவாதம் போய்விட்டது என்று சொல்லக் கடைக்காரருக்குப் புதிய காரணம் கிடைத்துவிடும்.