சைக்கிள் ஜெர்சியும் வீட்டாள் கூலியும்



நம்மில் பலருடைய வீட்டில் ஏதாவது ஒரு சிறுதொழில் நடக்கிறது. ஒரு வீட்டில் தறி, ஒரு வீட்டில் லேத், ஒரு வீட்டில் தையல். டிப்ளமோ முடித்தபின் வெளியே வேலைக்குப் போவதா, வீட்டுத் தொழிலைப் பார்ப்பதா என்ற கேள்வி நம் முன்னே நிற்கிறது. பதில் சொல்லும் முன், அந்தத் தொழிலில் உண்மையிலேயே லாபம் இருக்கிறதா என்று கணக்குப் போடத் தெரிய வேண்டும். திருப்பூரில் எங்கள் வீட்டில் நடக்கும் தொழிலையே பாடமாக எடுத்துக்கொள்கிறேன். நாங்கள் தைப்பது சைக்கிள் வீரர்கள் அணியும் உடை.

இது வெறும் பனியன் அல்ல

சைக்கிள் வீரர் குனிந்தே ஓட்டுகிறார். ஆகவே ஜெர்சியின் முன்பக்கம் குட்டையாகவும் பின்பக்கம் நீளமாகவும் வெட்ட வேண்டும். தின்பண்டம், போன் வைக்க முதுகுப்புறம் மூன்று பாக்கெட்டுகள். கீழ் விளிம்பு மேலே ஏறாமலிருக்கப் பிடிப்பு எலாஸ்டிக். கால்சட்டைக்கு லைக்ரா கலந்த துணி. உட்காரும் இடத்தில் பேட். மணிக்கணக்கில் உரசும் இடத்தில் தையல் தடித்தால் தோல் புண்ணாகிவிடும். அதனால்தான் தட்டையாகப் படியும் பிளாட்லாக் தையல் போடுகிறோம்.

படமும் பெயரும் அச்சிடுவது சப்ளிமேஷன் முறையில். காகிதத்தில் அச்சான சாயம் சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஆவியாகிப் பாலியஸ்டர் இழைக்குள் புகுந்துகொள்ளும். பருத்தியில் இது நிற்காது.

குடும்பத்துக்கு ஏற்ற தொழில் ஏன்?

ஆயிரக்கணக்கில் பீஸ் ஓட்டும் பெரிய கம்பெனிக்கு 40 பீஸ் ஆர்டர் கட்டுப்படியாகாது. சைக்கிள் கிளப்காரர்கள் கேட்பதோ 20, 40 பீஸ்தான். அதிலும் ஆளுக்கு ஒரு பெயர், ஆளுக்கு ஒரு அளவு. இந்த நுணுக்க வேலைக்குச் சின்ன யூனிட்தான் சரி.

வெளிநாட்டிலும் இது குடும்பத் தொழிலாக வளர்ந்திருக்கிறது. இத்தாலியில் பெர்கமோ நகர் அருகே பியெத்ரோ சாந்தினி என்பவர் 1965-இல் தொடங்கிய கம்பெனி, 1988-இல் உலக சாம்பியனுக்கான வானவில் ஜெர்சியைத் தயாரிக்கும் நிலைக்கு உயர்ந்தது. பின்னர் அவருடைய மகள்கள் மோனிகாவும் பாவ்லாவும் நிர்வாகத்துக்கு வந்தார்கள். அடுத்த தலைமுறை விரும்பி வரவேண்டுமானால் தொழில் வீட்டாருக்கும் கூலி கொடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் நம் வீடுகளில் கணக்கு இடிக்கிறது.

40 ஜெர்சி ஆர்டர் - ஒரு மாதிரிக் கணக்கு

புரிவதற்காக முழு எண்களாகவே எடுத்துக்கொள்வோம். விலைவாசி மாறும், முறை மாறாது.

140 ஜி.எஸ்.எம். துணி 1.5 சதுர மீட்டர் என்றால் 210 கிராம். வெட்டுக் கழிவு சேர்த்து 250 கிராம். கிலோ ரூ.400 வீதம், ஒரு ஜெர்சிக்கு:

துணி - ரூ.100
பிரிண்டிங் ஜாப் ஒர்க் - ரூ.110
ஜிப், எலாஸ்டிக், நூல் - ரூ.60
பேக்கிங், வண்டி வாடகை - ரூ.20
ஆக மொத்தம் - ரூ.290

ரூ.400-க்குக் கொடுத்தால் பீஸுக்கு ரூ.110 மிச்சம். 40 பீஸுக்கு ரூ.4,400. "நல்ல லாபம்" என்று நோட்டை மூடிவிடுவார்கள்.

இப்போது மூன்று வரி சேர்ப்போம். கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங் எல்லாம் சேர்த்து ஜெர்சிக்கு ஒரு மணி நேரம். 40 மணி என்பது 8 மணி வீதம் 5 ஷிப்ட், ஷிப்ட் ரூ.700 என்றால் ரூ.3,500. கரண்ட், மிஷின் தேய்மானம் பீஸுக்கு ரூ.10 வீதம் ரூ.400. 2 பீஸ் வீணாகித் திரும்ப அடித்தால் பொருள் செலவு ரூ.580, பெயர் போட்ட ஜெர்சியை வேறு ஆளுக்கு விற்க முடியாதே! கூட்டினால் ரூ.4,480. அதாவது லாபம் இல்லை, ரூ.80 நஷ்டம்!

அடக்கவிலை உண்மையில் ரூ.402. 10 சதவீத லாபம் வைத்தால் சுமார் ரூ.442 என்று கொட்டேஷன் கொடுக்க வேண்டும்.

எழுதப்படாத வரி

எங்க வீட்டில் பில் புத்தகம் எழுதப் படித்த முதல் ஆள் நான்தான். கூலி என்று ஒரு வரி எழுதலாமா என்று கேட்டபோது, "நம்ம கைதானே கண்ணு, அதுக்கெதுக்குக் கூலி எழுதோணும்?" என்றார் அம்மா. பகல் சமையல் முடித்து இரவு 11 மணி வரை பிளாட்லாக் மிஷினில் உட்காருபவர் அவர். என் கல்லூரிக் கட்டணம் "தொழில் லாபத்தில்" கட்டப்படுவதாகத்தான் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். மேலே உள்ள கணக்கைப் பாருங்கள். அது லாபம் அல்ல, அம்மாவின் கூலி.

இது பாசம் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல, தொழில் பாதுகாப்பும்கூட. நாளை வீட்டாளுக்கு உடம்பு முடியாமல் போய் வெளி டைலரைக் கூப்பிட்டால் அன்றே கைக்காசு போட வேண்டிவரும். அன்றைக்குத் திடீரென்று ரேட்டை ஏற்றினால் கிளப்காரர் ஒத்துக்கொள்வாரா?

கடைப்பிடிக்க வேண்டியவை

1. வீட்டாள் வேலை செய்யும் நேரத்தைத் தினமும் நோட்டில் குறியுங்கள். வெளியாள் கூலியையே அதற்கும் எழுதுங்கள்.
2. 10 பீஸுக்கும் 40 பீஸுக்கும் டிசைன் வேலை ஒன்றுதான். ஆகவே சிறிய ஆர்டருக்கு ரேட் கூடுதலாக இருக்கட்டும்.
3. பெயர் அச்சிடும் ஆர்டருக்குப் பாதிப் பணம் அட்வான்ஸ் வாங்கியபின்தான் துணி வெட்ட வேண்டும்.
4. எழுதிய கூலியை மாதம் ஒருமுறையாவது அவரவர் கையில் கொடுங்கள். எழுதி வைப்பதோடு நின்றால் பாதிக் கணக்குதான்.

நண்பர்களே, காஸ்டிங் பாடத்தைப் பரீட்சைக்கு மட்டும் படிக்காதீர்கள். வரும் விடுமுறையில் உங்கள் வீட்டுத் தொழிலில் ஒரே ஒரு ஆர்டருக்காவது இந்த முறையில் கணக்குப் போட்டு, வீட்டாரை உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். விலை சொல்லும் தைரியம் அவர்களுக்குத் தானாக வரும்.